கொதிகலனும் உறைபனியும்

மத்திய இங்கிலாந்தின் சீதோஷ்ண நிலையை 1659-ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் குறித்து வைத்திருக்கும் பதிவேடு ஒன்று உண்டு. உஷ்ணமானி கொண்டு எழுதப்பட்ட பதிவேடுகளுள் உலகத்திலேயே மிக நீண்டது அதுதான். அதில் 2010 டிசம்பர் மாதத்தின் சராசரி உஷ்ணம் உறைநிலைக்கும் கீழே இறங்கி நிற்கிறது. 1890-க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த டிசம்பரை அந்தப் பதிவேடு கண்டதில்லை. வட அயர்லாந்தின் காஸல்டர்க் என்னும் ஊரில் உஷ்ணம் சுழிக்குக் கீழே 18.7 பாகை செல்சியஸ் வரை சென்றது. வீட்டினுள் கதகதப்பு மிகவும் அவசியமாயிருந்த அந்த நாட்களில்தான், பிரிட்டன் முழுவதும் ஆயிரக்கணக்கான வீடுகளில், சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கொதிகலன்கள் இரவோடு இரவாக நின்றுபோயின. நின்றவற்றுள் மிகப் பல, வயதாகித் தேய்ந்துபோனவை அல்ல; அண்மையில் வாங்கியவை, எரிவாயுவைச் சிக்கனமாகச் செலவிடுவதில் தேர்ந்தவை என்று அரசாங்கமே சட்டமிட்டு வீடுகளுக்குள் புகுத்தியவை. அவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பாகமும் உடைந்திருக்கவில்லை. சுவருக்கு வெளியே, கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயில் நீர் உறைந்திருந்தது, அவ்வளவுதான்.

குளிர்தேசத்து வீடுகளின் அமைப்பை நேரில் காணாத வாசகர்களுக்கு இந்த யந்திரத்தைப் பற்றி முதலில் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் எரியும் தீயின் அனலில் 60 அல்லது 70 பாகை வரை சூடேறிய நீரை ஒரு சிறு பம்பு வீடெங்கும் ஓடும் குழாய்களின் வழியே தள்ளுகிறது. அந்த நீர் அறைதோறும் ஜன்னலடியில் நிறுத்தப்பட்டிருக்கும் ரேடியேட்டர் என்னும் தட்டையான இரும்புக் கூடுகளுக்குள் புகுந்து, தன் உஷ்ணத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து, மறுபடியும் கொதிகலனுக்கே திரும்புகிறது. வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதே நீர்தான். எரிபொருளாகப் பயன்படுவது குழாய்வழி வரும் இயற்கை வாயு, அதாவது பெரும்பகுதி மீத்தேன். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் குடியேறிய நம்மவர்கள் முதல் பனிக்காலத்திலேயே இந்தப் பெட்டியின் அருமையை உணர்ந்துவிடுகிறார்கள்; அது நின்றுவிட்டால் குளிப்பதற்கு வெந்நீரும் இல்லை, குழந்தை உறங்குவதற்குக் கதகதப்பான அறையும் இல்லை.

இத்தனை சிறந்த யந்திரம் ஒரு சொட்டு நீரால் ஏன் நின்றது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, ஸ்காட்லாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜோசப் பிளாக் என்னும் மருத்துவரின் ஆராய்ச்சிகளைத் தெரிந்துகொள்வது அவசியம். கொதிகலனின் வாழ்வும் தாழ்வும் அந்த ஒரு மனிதர் கண்டுபிடித்த உண்மைகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்றுகூடச் சொல்லலாம். கரி எரியும்போதும், நாம் மூச்சுவிடும்போதும், சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதும் ஒரே வகையான காற்று வெளிப்படுகிறது என்று 1750-களில் அவர் காட்டினார். இன்று நாம் கரியமில வாயு என்று சொல்வது அதைத்தான். பிறகு 1760-களின் தொடக்கத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தபோது, அதைவிடச் சூட்சுமமான ஒரு விஷயத்தை ஆராய்ந்தார். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்து, ஒன்றில் பனிக்கட்டியையும் மற்றதில் உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்த நீரையும் வைத்து, பெரிய கூடம் ஒன்றில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டார். நீர் இருந்த குடுவை அரைமணி நேரத்தில் சில பாகை சூடேறிவிட்டது; பனிக்கட்டி இருந்த குடுவை அதே அளவு சூட்டை எட்டுவதற்குப் பத்து மணி நேரத்துக்கு மேலாயிற்று. கூடத்துக் காற்று இரண்டுக்கும் ஒரே விகிதத்தில்தான் உஷ்ணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் பனிக்கட்டிக்குள் சென்ற அத்தனை உஷ்ணமும் எங்கே போயிற்று? உஷ்ணமானியில் தெரியாமல், கட்டியை நீராக்கும் காரியத்தில் அது செலவாகிவிட்டது என்று பிளாக் முடிவு செய்தார். நீர் ஆவியாவதிலும் இதே நியதிதான், இன்னும் பெரிய அளவில். இந்த உள்ளுறை வெப்பத்தின் தத்துவத்தைப் பிளாக்கிடமிருந்து விளக்கமாகக் கேட்டறிந்தவர்களுள் ஒருவர், அதே பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்.

அளவுகளைச் சற்றே நிதானமாகப் பார்ப்போம். ஒரு கிலோ நீரைச் சுழிப் பாகையிலிருந்து 100 பாகை வரை சூடாக்க 420 கிலோஜூல் போதும். 100 பாகையில் நிற்கும் அதே நீரை, ஒரு பாகைகூட அதிகப்படுத்தாமல், ஆவியாக மாற்றுவதற்கு மட்டும் 2,260 கிலோஜூல் வேண்டும். சமையலறையில் கொதிநீர் தெறித்த புண்ணைவிட ஆவி அடித்த புண் ஆழமாக இருப்பதன் காரணம் இதுதான்: தோலில் பட்டு ஆவி நீராகும் அந்தக் கணத்தில், தான் வாங்கிய அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இனி மீத்தேன் எரிவதை நோக்குவோம். ஒரு கன மீட்டர் மீத்தேன் எரிந்தால் கரியமில வாயுவோடு ஏறத்தாழ 1.5 கிலோ நீரும் ஆவியாகப் பிறக்கிறது. பார்வைக்கு நெருப்பு; அதன் விளைவில் ஒரு செம்புக்கு மேல் தண்ணீர். பழைய கொதிகலன்கள் இந்த ஆவியைப் புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்பிவிட்டன. அதனோடு எரிபொருளின் மொத்த உஷ்ணத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கும் யாருக்கும் பிரயோஜனம் இன்றிப் போயிற்று.

அந்தப் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதற்காக எழுந்ததுதான் ஆவியைக் குளிரவைத்து நீராக்கும் புதிய வகைக் கொதிகலன். ரேடியேட்டர்களைச் சுற்றிக் குளிர்ந்து திரும்பும் நீரை, வெளியேறப்போகும் புகையின் பாதையில் முதலில் செலுத்துகிறார்கள். அந்த நீரின் உஷ்ணம் சுமார் 55 பாகைக்குக் கீழே இருந்தால், புகையில் உள்ள ஆவி வெப்பமாற்றியின் குளிர்ந்த சுவர்களில் முத்து முத்தாகப் படிந்து, தன் உள்ளுறை வெப்பத்தை அங்கேயே விட்டுவிட்டுச் சொட்டுகிறது. புகைபோக்கியின் வாயில் கைவைத்தால் பொறுக்கும்படியான இளஞ்சூடுதான் மிஞ்சியிருக்கும். பழையவை எரிபொருளில் 60, 70 சதவீதத்தைப் பயன்படுத்திய இடத்தில் இவை 90 சதவீதத்தை எட்டின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல், சில விலக்குகள் நீங்கலாக, புதிதாக மாட்டப்படும் வாயுக் கொதிகலன் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டட விதிகள் கட்டளையிட்டன. வீட்டு எரிபொருளைச் சிக்கனப்படுத்த எடுத்த முயற்சிகளில் இதைவிடச் சத்தமின்றி இவ்வளவு பெரிய பலன் தந்தது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். 2010-இல் நேர்ந்த துன்பத்தை எண்ணிப் பார்த்த பிறகும் அதை மாற்றிக்கொள்ள நான் காரணம் காணவில்லை.

ஆனால் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் இப்போது வீட்டுக்குள் பிறந்துவிட்டது. அதைப் போக்குவதற்கு வழி செய்தாக வேண்டும். முழு வேகத்தில் எரியும் சாதாரண வீட்டுக் கொதிகலனிலிருந்து மணிக்கு 2 லிட்டர் வரை வடிநீர் வரக்கூடும். அது சுத்த ஜலமும் அல்ல. கரியமில வாயுவும், தீயின் உக்கிரத்தில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் அதில் கரைந்திருப்பதால் அமிலத்தன்மை கொண்டது. செம்பை அரிக்கும், சிமெண்டையும் நாளடைவில் தின்னும். ஆகவே பிளாஸ்டிக் குழாயில்தான் அதை விடலாம். குழாய் தொடங்கும் இடத்தில், கொதிகலனின் அடியில், வளைந்த கிண்ணம்போல் ஒரு நீர்ப்பூட்டு இருக்கிறது. அதில் எப்போதும் நீர் தேங்கி நிற்பதால், புகை அந்த வழியாக இறங்கி வீட்டுக்குள் நுழைய முடியாது. இவ்வளவும் யோசித்துச் செய்தவர்கள், குழாயின் மறுமுனையைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை. சுவரில் ஒரு துளை போட்டு, 21.5 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை வெளியே எடுத்து, மதிலோரமாகச் சில மீட்டர் ஓட்டி, சாக்கடை வாயில் கொண்டுபோய் விட்டுவிடுவது வழக்கமாயிற்று. மிதமான பனிக்காலங்களில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

கடுங்குளிர் வந்தால் அந்தக் குழாய்க்குள் நடப்பது என்ன என்பதை அருகில் சென்று பார்ப்போம். வடிநீர் அருவியாக ஓடுவதில்லை; நூல்போல இழைந்தும், சொட்டுச் சொட்டாகவும்தான் இறங்குகிறது. 40 பாகைச் சூட்டோடு புறப்படும் ஒரு லிட்டர் நீர் உறைநிலையை அடையும்வரை இழக்கக்கூடிய உஷ்ணம் சுமார் 170 கிலோஜூல்தான். அது மெல்லிய படலமாகப் பரந்து, மேலே போர்வையில்லாத குழாயின் வழியாக, காற்று வீசும் சுவரோரத்தில் பல அடி தூரம் நடந்து போக வேண்டும். பெரிய நெருப்பு எரிகிறவரை எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. நள்ளிரவில் வீடு ஓரளவு சூடாகி, கொதிகலன் தீயைத் தணித்துக்கொண்டு மெல்ல எரியத் தொடங்கும்போதுதான் விபரீதம் ஆரம்பமாகிறது. வரும் நீர் குறைகிறது. வந்த சொட்டு குழாயின் முழங்கை வளைவில் தங்குகிறது. அடுத்த சொட்டு அதன்மேல் உறைகிறது. உள்விட்டம் 19 மில்லிமீட்டர் இருந்த பாதை ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி மெல்ல மெல்லச் சுருங்கி, விடிவதற்குள் முற்றும் அடைபட்டுப்போகிறது. சாக்கடை வாயில் தேங்கிய நீரில் குழாயின் நுனி மூழ்கியிருந்தாலோ, அங்கேயே முதல் கட்டி உண்டாகிவிடுகிறது. ஆக, அடைப்பு நேர்வது பெரும்பாலும் விடியற்காலையில். வீட்டார் எழுந்து சூட்டை எதிர்பார்க்கும் அதே வேளையில்.

வெளியே குழாய் அடைபட்டால் உள்ளே தீ ஏன் அணைய வேண்டும்? இதற்கு விடை காண, கொதிகலன் தன் தீயை எப்படி நம்புகிறது என்று அறிய வேண்டும். முந்தின தலைமுறையின் கொதிகலன்களில் அகல்விளக்கின் சுடர் அளவுக்கு ஒரு சிறு தீ அல்லும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். வெவ்வேறு உலோகங்களைச் சேர்த்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று ஸீபெக் என்னும் விஞ்ஞானி 1821-இல் கண்ட உண்மையை வைத்து, அந்தச் சுடரில் நீட்டிய உலோக முனை ஒன்று வாயு வால்வைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தது; சுடர் அணைந்தால் மின்சாரம் ஒழிந்து வால்வு மூடிக்கொள்ளும். புதிய கொதிகலனில் அந்தச் சுடர் இல்லை. அறையின் உஷ்ணத்தைக் கண்காணிக்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும், பம்பு ஓடுகிறது, விசிறி சுழன்று பழைய வாயுவை வெளியே தள்ளுகிறது, தீப்பொறி தெறிக்கிறது, அதன் பிறகே வாயு திறக்கிறது. தீ பற்றியதா என்று பார்ப்பதற்குக் கண்ணுக்குப் பதிலாக ஓர் உலோகக் கம்பி தீக்குள் நீட்டியிருக்கிறது. தீயின் உக்கிரத்தில் அணுக்கள் மின்னேற்றம் பெறுவதால், தீச்சுடரின் வழியே மின்சாரம் ஓட முடியும். அந்தக் கம்பிக்கும் எரியும் முகத்துக்கும் இடையே மாறுதிசை மின்சாரத்தைக் கொடுத்தால், கம்பி சிறியதும் எரிமுகம் பெரியதுமாக இருக்கும் காரணத்தால், ஒரு திசையில் தாராளமாகவும் மறுதிசையில் அற்பமாகவும் பாய்கிறது. அந்த ஏற்றத்தாழ்வு ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்குதான். ஆயினும் அது மறுக்க முடியாத பிரமாணம். ஈரத்தாலோ பழுதான கம்பியாலோ மின்சாரம் கசிந்தால் அது இரு திசையிலும் சமமாகவே கசியும். ஒருதலைப்பட்சமாகப் பாய்வது தீ ஒன்றின் குணம். இந்த யந்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த அங்கம் இதுவே. சில விநாடிகளுக்குள் அந்தச் சாட்சி கிடைக்காவிட்டால் வாயு மூடப்படுகிறது. சிலமுறை முயன்றும் கிடைக்காவிட்டால், மனிதர் ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும்வரை கொதிகலன் தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. முகப்பில் ஓர் எழுத்தும் எண்ணும் மின்னுகின்றன.

வடிநீர்க் குழாய் அடைபட்டதும் நீர் பின்னோக்கித் தேங்குகிறது. நீர்ப்பூட்டு நிரம்பி, வெப்பமாற்றியின் அடிப்பாகம் குளமாகிறது. விசிறி தள்ளும் காற்று அந்த நீரைக் குமிழிட்டுக்கொண்டு போக வேண்டியிருப்பதால், பெட்டிக்குள்ளிருந்து களகளவென்று ஓர் ஓசை எழும்புகிறது. இன்னும் சற்று நீர் உயர்ந்தால் புகையின் பாதை குறுகித் தீ தடுமாறும். அல்லது கம்பியையே நீர் தொட்டுவிடும். சாட்சி பொய்த்து, பூட்டு விழுகிறது. இதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. புகைக்குச் சரியான வழியில்லாத இடத்தில் தீயை வளர்க்க மாட்டேன் என்று யந்திரம் மறுக்கிறது. அந்த மறுப்புக்கு உரிய காரணத்தைத் தேடிக் களைவதுதான் பழுதுபார்ப்பவரின் வேலையே ஒழிய, பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி அதனை வற்புறுத்துவது அல்ல.

காரணத்தைத் தேடும்போது, யந்திரம் தன் கேள்விகளைக் கேட்கும் அதே வரிசையில் நாமும் கேட்டுப் போவது நல்லது. மின்சாரம் வருகிறதா, தெர்மோஸ்டாட்டின் பாட்டரி தீர்ந்துபோயிற்றா, வீட்டில் வாயு வருகிறதா என்பவை எளிய கேள்விகள். முகப்பு இருண்டிருந்தால் முதலாவதுதான் காரணம். சமையல் அடுப்பும் எரியவில்லையென்றால் மூன்றாவது. அடுத்து நீரின் அழுத்தம். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் குளிர்காலத்து நிறுத்தங்களில் மற்றொரு பெரும்பகுதிக்குக் காரணம் இதுதான். வீட்டைச் சுற்றும் நீர், வெளியுலகத் தொடர்பின்றிக் குழாய்களுக்குள் அடைக்கப்பட்டது. குளிர்ந்திருக்கும்போது அதன் அழுத்தம் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். 10 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேறினால் நீர் சுமார் 3 சதவீதம் பெருகுகிறது. 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் இடம் தேவை. நீரை நெருக்கிச் சுருக்க இயலாதாகையால், அந்த 3 லிட்டருக்கு இடம் கொடுப்பதற்கென்றே ஒரு விரிவுக் கலம் வைத்திருக்கிறார்கள். அதன் நடுவே ரப்பர்ச் சவ்வு, ஒரு புறம் நீர், மறுபுறம் அடைத்த வாயு. வருஷங்கள் செல்லச் செல்ல அந்த வாயு கசிந்துவிட்டால், நீர் பெருகுவதற்கு இடமின்றி அழுத்தம் 3 பார்வரை ஏறுகிறது. பாதுகாப்பு வால்வு திறந்து மிகுதி நீரை வெளியே கொட்டுகிறது. நெருப்பு தணிந்து நீர் சுருங்கியதும் அழுத்தமானியின் முள் சுழிக்கு வந்துவிடுகிறது. கொதிகலன் எரிய மறுக்கிறது.

அப்போது வீட்டார், கொதிகலனுக்கு அடியில் உள்ள எஃகுக் கம்பி பின்னிய வளைகுழாயின் வால்வைத் திறந்து, குடிநீர்க் குழாயிலிருந்து நீர் விட்டு, முள்ளை மீண்டும் 1-க்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை இவ்வாறு செய்வதில் தவறில்லை. வாரந்தோறும் செய்ய நேர்ந்தால், நீர் எங்கோ கசிகிறது, அல்லது விரிவுக் கலம் உயிரிழந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை புதுநீர் விடும்போதும் அதில் கரைந்த பிராணவாயுவும் உள்ளே போகிறது. அது ரேடியேட்டரின் இரும்பை அரித்து, மையைப்போல் கறுத்த சேற்றை உண்டாக்குகிறது. காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சேறு, இரும்பின் கரிய ஆக்ஸைடு. ரேடியேட்டரின் மேற்பாகம் சில்லென்றிருந்தால் அங்கே காற்று அடைபட்டிருக்கிறது. அடிப்பாகத்தின் நடுவே சில்லென்றிருந்தால் அங்கே சேறு படிந்திருக்கிறது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தே இவ்வளவும் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் இரவெல்லாம் கடும்பனி, நேற்று வரை நன்றாக எரிந்தது, அழுத்தமானி சரியாயிருக்கிறது, பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் களகளவென்ற ஓசை, சிறிது நேரத்தில் மீண்டும் பூட்டு என்றால், வேறெங்கும் தேடாமல் வெளியே போய் அந்த வெள்ளைக் குழாயைப் பார்க்க வேண்டும். தொட்டுக்கொண்டே போனால், வளைவிலோ நுனியிலோ குழாய் கல்லாய் இருப்பது விரலுக்கே தெரியும். உருக்குவதில் அவசரம் கூடாது. ஒரு கிலோ பனிக்கட்டியை நீராக்க 334 கிலோஜூல் வேண்டும். 50 பாகையில் உள்ள ஒரு லிட்டர் வெந்நீர் தன்னிடம் உள்ளதை முழுவதும் கொடுத்தாலும் 210 கிலோஜூல்தான். குழாயின்மேல் சும்மா ஊற்றினால் அதிலும் பெரும்பகுதி தரையில் வழிந்து, அங்கே வழுக்கும் பனியாக உறைந்து, ஊற்றியவரையே கீழே தள்ளும். ஆகையால் அடைபட்ட இடத்தில் ஒரு துண்டைச் சுற்றி, அதன்மேல் கைபொறுக்கும் சூட்டில் உள்ள நீரைச் சிறிது சிறிதாக விடுவது நலம். அல்லது வெந்நீர் நிரப்பிய ரப்பர்ப் பையைக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டுக் காத்திருக்கலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குளிரில் இறுகியிருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விடும். கண்ணாடிக் குடுவைப் பரிசோதனையில் பிளாக் மணிக்கணக்காகக் காத்திருந்தாரே, அதே பொறுமை இங்கேயும் தேவைப்படுகிறது. குழாய்க்குள் கட்டி நெகிழ்ந்து நழுவும் சத்தத்தோடு, தேங்கியிருந்த நீர் ஒரேயடியாகச் சாக்கடை வாயில் கொட்டும். அதன் பிறகு பொத்தானை அழுத்தினால் தீ பற்றும்.

வீட்டார் தாமே செய்யத்தக்கவை இவ்வளவோடு முடிகின்றன. கொதிகலனின் மூடியைத் திறந்து எரிவாயுப் பாகங்களைத் தொடுவதற்குப் பிரிட்டனில் பதிவு பெற்ற தொழிலாளிக்கே சட்டம் இடம் தருகிறது. 2009 ஏப்ரல் முதல் அந்தப் பதிவேட்டுக்கு 'கேஸ் சேஃப்' என்று பெயர். இதைச் சட்டத்தின் கெடுபிடி என்று எவரும் எண்ணலாகாது. பிராணவாயு போதாமல் மீத்தேன் எரிந்தால் கரியமில வாயுவுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர் 1890-களில், நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் இறந்தவர்களுள் பலரைக் கொன்றது வெடியோ தீயோ அல்ல, இந்த வாயுவே என்று நிலைநாட்டினார். தம்முடைய உடலிலேயே அதைச் சோதித்துப் பார்த்தார். மனிதரைவிட விரைவில் மயங்கும் சிறு உயிர்களை எச்சரிக்கைக்காகச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகச் சொன்னார். அவர் சொற்படி பிரிட்டிஷ் சுரங்கங்களில் கானரிப் பறவைகள் 1986 வரை அந்தப் பணியைச் செய்தன. வடிநீர்க் குழாய் உறைந்த நாட்களில், உள்ளே குழாயைக் கழற்றி ஒரு வாளியில் நீரை வடியவிட்டுத் தற்காலிகமாகக் கொதிகலனை ஓட்டுவது தொழில் அறிந்தவர்கள் கையாளும் உபாயம்தான். ஆனால் நீர்ப்பூட்டைச் சேர்த்துக் கழற்றிவிடும் அறியாதவர் கையில் அதே உபாயம், புகைக்கு வீட்டுக்குள் வாசல் திறந்துவிடும். தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்தால், கொதிகலனை நிறுத்திவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே போய்விட வேண்டும்; காரண ஆராய்ச்சியெல்லாம் பிறகுதான்.

2010-இன் அனுபவத்துக்குப் பிறகு விதிமுறைகள் திருந்தின. வடிநீரைக் கூடியவரை வீட்டுக்குள்ளேயே, சமையலறைத் தொட்டியின் கழிவுக் குழாயிலோ பிற கழிவுக் குழாயிலோ சேர்த்துவிட வேண்டும் என்றும், வெளியே கொண்டுபோவது தவிர்க்க முடியாததானால் உள்விட்டம் 30 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாயை, நல்ல சரிவோடு, வளைவுகளைக் குறைத்து, மிகக் குறுகிய தூரத்தில், நீர் புகாத உறையால் போர்த்தி அமைக்க வேண்டும் என்றும் தொழில்துறைச் சங்கங்களும் உற்பத்தியாளர்களும் அறிவுறுத்தினர். சில கொதிகலன்களின் நீர்ப்பூட்டே, வடிநீரைச் சொட்டுச் சொட்டாக விடாமல் தேக்கிவைத்து ஒரேயடியாக வெளியேற்றும்படி அமைந்திருக்கிறது. பெருக்காகப் பாய்ந்து போகும் நீருக்குக் குழாயில் தங்கி உறைய அவகாசம் கிடைப்பதில்லை.

ஆயினும் 2010-க்கு முன் மாட்டிய மெல்லிய குழாய்கள் இன்னும் எத்தனையோ சுவர்களில் இருக்கின்றன. அவற்றைக் குறித்து ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கொதிகலனின் நீரை 75, 80 பாகைக்குச் சூடாக்கி அனுப்பும் வழக்கம் பல வீடுகளில் நெடுநாளாக நிலைத்திருக்கிறது; அப்படிச் செய்தால் திரும்பிவரும் நீர் 55 பாகைக்கு மேலேயே நின்று, ஆவி நீராகாமல் வானத்துக்குப் போய்விடுகிறது; புதிய கொதிகலனுக்குக் கொடுத்த விலையின் பலன் பெரும்பகுதி கிடைப்பதில்லை. அதனால் எரிவாயுவின் விலை ஏறிய இக்காலத்தில், நீரின் உஷ்ணத்தை 60 பாகைக்கோ அதற்குக் கீழோ குறைத்து வைக்குமாறு அறிஞர்கள் சொல்கிறார்கள்; வெந்நீர்த் தொட்டி தனியாக உள்ள வீடுகளில் தொட்டி நீர் மட்டும், கிருமிகள் பெருகாமல் இருக்க, 60 பாகையில் இருந்தாக வேண்டும். மற்றபடி நல்ல யோசனைதான். ஆனால் அதன் விளைவாகக் கொதிகலன் முன்னைவிட அதிகமாக ஆவியை நீராக்கும்; குழாயில் இறங்கும் வடிநீரும் அதிகமாகும்; அது முன்னைவிடக் குளிர்ந்தும் இருக்கும். ஆகவே குமிழைத் திருகுவதற்கு முன் வெளியே சென்று, அந்தக் குழாய் எவ்வளவு பருமன், எத்தனை நீளம், எங்கே போய் முடிகிறது, மேலே உறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்ற வேண்டியிருந்தால், அக்டோபர் மாதத்திலேயே, குளிரில் விரல் விறைக்காத பருவத்திலேயே ஆளை அழைத்து மாற்றிவிட வேண்டும்.